கொரங்காட்டுப் புல்லுக்கு லத்தீனில் பேர்

லத்தீன் மொழியை நான் இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சாமியாராவதற்காக, இரண்டாம் தடவை ஒரு புல்லுக்காக. முதல் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கருமத்தம்பட்டி மாதா கோவில் மணி காற்று வாக்கில் காதில் விழுகிற தூரத்தில் எங்கள் ஊர். அம்மா பண்ணையக்காரர் வீட்டு மாடுகளை மேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் பூசை முழுக்க லத்தீனில்தான். அம்மாவுக்கு அதில் ஒரு வார்த்தையும் புரியாது, ஆனால் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தையும் தப்பாது. மகன் ஒருநாள் பீடத்தில் நின்று அதே பாஷையில் பூசை வைப்பான் என்ற நம்பிக்கையில் என்னைக் குருமடத்துக்கு அனுப்பினாள். சில வருஷம் படித்தேன். எனக்கு லத்தீன் வந்தது, தேவ அழைத்தல் வரவில்லை. மேலே இருந்தவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பினேன்.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முறத்தில் கம்பைப் புடைத்துக்கொண்டே, "அத்தன லத்தீனையும் இனி எங்க கொண்டுபோயிக் கொட்டுவே கண்ணு?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி பல வருஷம் என் காதுக்குள் கிடந்தது.

பிறகு கோயமுத்தூரில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. செடி கொடிகளைக் காய வைத்து, பூச்சி அரிக்காமல் மருந்து தடவி, கெட்டித் தாளில் ஒட்டி, பீரோவில் அடுக்கி வைக்கிற ஆபீசு அது. ஒட்டுகிற வேலை என்னுடையது. ஊரில் யாராவது உத்தியோகத்தைப் பற்றிக் கேட்டால், 'சர்க்கார் சம்பளம் கொடுத்துப் புல்லு ஒட்டச் சொல்லுது' என்பேன். நம்ப மாட்டார்கள். நானும் முதல் மாதச் சம்பளம் வாங்குகிற வரை நம்பவில்லை.

ஆபீசின் தலைவரை நாங்கள் ஐயா என்போம். கொடுமுடிப் பக்கத்துப் பெரிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், புல் வகைகளில் பெரிய படிப்பாளி. படித்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். படிப்பு ஏற ஏற அவர்கள் முதுகு நிமிரும். இவருக்கு மட்டும் படிக்கப் படிக்க முதுகு வளைந்தது. எங்கே புல் தெரிந்தாலும் மண்டி போட்டுவிடுவார். அவினாசி ரோட்டில் ஓடுகிற பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, வேட்டி முழுக்க ஒட்டுப்புல்லோடு திரும்பி வந்து ஏறுவார். கண்டக்டர் ஏசினால், "தப்புத்தானுங்க, கோவிச்சுக்காதீங்க" என்பார். அடுத்த மைலில் மறுபடியும் நிறுத்தச் சொல்வார்.

அவருக்குள் ஒரு புல் பல வருஷமாகக் குடியிருந்தது. எங்கள் பக்கத்தில் கொரங்காடு என்பார்கள். உழவு கிடையாது, சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே மழையை நம்பி முளைக்கிற புல், மாடுகள் மேய்கிற காடு. அப்படி ஒரு காட்டில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு சின்னப் புல்லை அவர் கண்டுபிடித்திருந்தார். ஜெர்மனியில் புல் ஆராய்ச்சியாளர் ஒருவர் இருந்தார். உலகத்துப் புல் வழக்குகளுக்கெல்லாம் அவர்தான் ஐகோர்ட்டு. ஐயா ஒட்டின தாள் ஒன்றை அவருக்கு அனுப்பினார். தீர்ப்பு கப்பலில் வந்தது. இது புதுசு ஒன்றும் இல்லை, தெரிந்த பழைய புல்தான், மழையில்லாமல் வாடிச் சிறுத்திருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார்.

ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. மழை கொட்டின வருஷத்திலும் அது அப்படியே இருப்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர். அடுத்த பங்குனியில் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற வேண்டும். பிறகு தாள்களும் பீரோக்களும் வேறு ஒருவர் கைக்குப் போய்விடும், புல்லும் பழைய பேரிலேயே கட்டுக்குள் கிடந்து தூங்கும். அதற்குள் அந்தப் புல்லுக்கு அதன் சொந்தப் பேரை வைத்துவிட வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அதிலும் ஒரு சிக்கல். புதுச் செடியின் அடையாளத்தை லத்தீனில் எழுதி அச்சில் போட்டால்தான் பேர் செல்லும் என்று செடிப் படிப்புக்காரர்கள் அந்த வருஷங்களில் விதி செய்திருந்தார்கள். ஐயாவுக்கு லத்தீன் தெரியாது. பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து நின்றார்.

"ஏனுங்க தம்பி, உங்களுக்கு லத்தீன் வருமாமுங்களே?"

"வருமுங்க ஐயா. குருமடத்துல முதல் மார்க்குங்க" என்றேன். கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்கிற வயசு.

சீக்கிரமே எழுதிக்கொண்டும் வந்துவிட்டேன். வாயில் வைத்தால் கரையும் லத்தீன். 'தாழ்மையுள்ள இந்தப் புல், வறண்ட நிலத்தின் பொறுமை மிகுந்த மகள், தன் மெல்லிய கரங்களை வானத்தை நோக்கி உயர்த்துகிறது' என்று தொடங்கி, காற்றில் அது தலை வணங்குவதில் போய் முடியும். அனுப்புவதற்கு முன் யாராவது ஒருவர் பார்க்கட்டும் என்று ஐயா சொன்னதால், ஊரில் இருந்த பிரெஞ்சுச் சாமியாரிடம் கொண்டுபோனேன். அவர் வந்த நாளிலிருந்து எங்கள் ஜனங்களிடமே தமிழ் படித்தவர். எல்லாருக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார், கோவில் நாய்க்குக்கூட. முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். உருகிவிட்டார் என்று நினைத்தேன். தோள் குலுங்கினபோதுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க தம்பி. திருநாளுக்குப் பாடலாமுங்க. ஆனா இதைப் படிச்சுப்போட்டுக் காட்டுல போயித் தேடுனா எல்லாப் புல்லும் இந்தப் புல்லாத்தான் இருக்குமுங்க."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கோபத்தோடு சைக்கிளை மிதித்தேன். பீளமேட்டு மில் சங்கு ஊதியது. அதுவும் என்னைப் பார்த்துத்தான் ஊதுகிறது என்று தோன்றியது. லத்தீன் என்றால் எனக்குத் தெரிந்தது கோவில் லத்தீன் மட்டும்தான். அதில் பாவத்துக்கு ஆயிரம் வார்த்தை உண்டு. புல்லுக்கு என்ன உண்டு என்று நான் தேடினதே இல்லை.

ஆபீசில் மறுநாள் வழக்கம்போல் தாள் ஒட்டினேன். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒரு புல்லை ஒரு தாளைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மேட்டில் முளைத்தது, வாய்க்கால் ஓரத்தில் முளைத்தது, பூத்தது, விதை கொட்டினது, மாடு கடித்து மறுபடி துளிர்த்தது என்று பல ஊர்த் தாள்களை மேஜையில் வரிசையாகப் பரப்ப வேண்டும். அப்போதுதான் எது அதன் இயல்பு, எது இடத்தால் வந்தது என்று தெரியும். அப்படிப் பரப்பிக்கொண்டிருந்தபோது தோன்றியது: நான் லத்தீனை ஒரே ஒரு தாளில்தான் பார்த்திருக்கிறேன். கோவில் தாள். மற்றத் தாள்கள் எங்கே?

சாமியார் சிரித்ததற்குப் பரிகாரமாகவோ என்னவோ, தன் அலமாரியையே திறந்துவிட்டார். ரோமாபுரி விவசாயி ஒருவர் பண்ணையம் நடத்துவது பற்றி எழுதினது, பழைய சட்டப் புத்தகம், பிரசங்கங்கள், பிற்காலத்து வைத்தியர்களின் மூலிகைப் புத்தகம். எங்கள் ஆபீசிலேயே செடிப் புத்தகங்கள் லத்தீனில் தூசி பிடித்துக் கிடந்தன. ஒட்டுவதற்கு லாயக்கில்லாத தாள்களை எடுத்துக்கொண்டேன். ஒரு தாளுக்கு ஒரு வார்த்தை. அந்த வார்த்தை விவசாயி வாயில் எப்படி இருந்தது, வக்கீல் வாயில் என்ன ஆனது, சாமியார் வாயில் எப்படிப் பழுத்தது, செடிக்காரன் கையில் எப்படி மாறியது என்று வயசு வாரியாக எழுதி, செடியைப் போலவே பரப்பி வைத்துப் பார்த்தேன்.

குருமடத்தில் லத்தீன் பட்டு உடுத்தித்தான் எங்கள் முன்னால் வந்தது. அதன் பூர்வீகம் கோவணம் கட்டின பூர்வீகம் என்று யாரும் சொல்லவில்லை. ஓர் ஆற்றங்கரையில் ஏர் ஓட்டி, ஆடு மேய்த்து, மழைக்கு வானம் பார்த்த கொஞ்சம் குடியானவர்களின் பேச்சு அது. 'டெலிராரே' என்றால் புத்தி தடுமாறுவது. வேரைப் பிடித்து இழுத்தால், உழவுச் சாலை விட்டு விலகுவது. 'வெர்சுஸ்' என்றால் பாட்டில் ஓர் அடி. வேரில், சால் முடிந்து ஏர் திரும்புவது. 'எக்ரேகியுஸ்' என்றால் தலைசிறந்தது. வேரில், மந்தையில் தனியாகத் தெரிகிற ஆடு. ஆகாயத்தில் இருப்பதாக நான் நினைத்த வார்த்தைகளின் காலில் எல்லாம் சேறு ஒட்டியிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மாடு மேய்ப்பவள் மகனுக்கு இந்தப் பாஷை அந்நியம் இல்லை.

அன்றன்றைக்குக் கண்டதை ஐயாவிடம் போய்ச் சொல்வேன். 'ரிவாலிஸ்' என்றால் எதிராளி, அதன் மூலம் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவன் என்று சொன்னபோது, லென்ஸைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்ப அவங்க ஊருலயும் மடையத் திருப்பி மண்டைய ஒடைச்சிருக்காங்க! எங்க பங்காளிக கதைதானுங்க இது" என்றார்.

அந்தக் குடியானவர்களின் பேச்சைச் சிப்பாய்களும் வியாபாரிகளும் தேசம் தேசமாகக் கொண்டுபோனார்கள். கோர்ட்டுக் கச்சேரியில் அது சட்டம் பேசியது. படித்தவர்கள் அதைத் தேய்த்து மினுக்கினார்கள். சந்தையில் பேசின லத்தீன் மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் ஊருக்கு ஒரு விதமாக மாறி, பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் என்று மகள்களைப் பெற்றது. மகள்கள் தனிக்குடித்தனம் போனார்கள். தாய் செத்துப்போனாள் என்று ஊர் சொன்னது. அவள் சாகவில்லை, கோவிலுக்குக் குடிபோனாள். அங்கிருந்து வைத்தியன் வீட்டுக்கும் செடிக்காரன் வீட்டுக்கும் அவ்வப்போது வேலைக்கும் போய்வந்தாள். செடிக்காரர்கள் அவளிடம் நகை நட்டையெல்லாம் கழற்றி வைக்கச் சொன்னார்கள். வினைச்சொல்கூட வேண்டாம் என்றார்கள். 'தண்டு மெலிந்தது, இலை சுருண்டது, விதை பழுப்பு' என்று, சந்தையில் மாட்டைத் தடவிப் பார்த்துச் சுழி சொல்கிற மாதிரியான பேச்சு. ஆயிரம் வருஷப் பேரரசை ஆண்ட பாஷை ஒரு புல்லுக்கு முன்னால் இத்தனை பணிந்து நிற்கிறதே என்று எனக்கு அதன் மேல் மரியாதை கூடியது. நான் எழுதின 'தாழ்மையுள்ள புல்'லில் தாழ்மை எங்கேயும் இல்லை, என் ஜம்பம்தான் இருந்தது.

ஐப்பசி மழைக்குப் பிறகு கொரங்காட்டில் புல் கதிர் வாங்கினது. ஒரு கையில் புல், ஒரு கையில் லென்ஸ், எதிரே ஐயா. வேரிலிருந்து ஆரம்பித்துக் கதிர் வரைக்கும் போனோம். அவர் கண்டதைச் சொல்வார், நான் அதற்கு வார்த்தை தேடுவேன். விவசாயி வாயில் முடிச்சாக இருந்த 'நோதுஸ்' செடிக்காரன் கையில் கணுவாகி எனக்காகக் காத்திருந்தது. புல்லின் தனி அடையாளமே அந்தக் கணுவில்தான் இருந்தது: அதைச் சுற்றி மெல்லிய மயிர், தாடி மாதிரி, அதுவும் கீழ்நோக்கிப் படிந்தது. எத்தனை வாடினாலும் பழைய புல்லுக்கு அந்தத் தாடி வராது. பேர் வைக்கிறபோது, உங்கள் பேரையே வைக்கலாமே என்றேன்.

"எம் பேர எதுக்குங்க மாடு மேயோணும்?" என்றார். கடைசியில் 'பாஸ்குவோரும்' என்று முடிவானது. மேய்ச்சல் காடுகளுடையது என்று அர்த்தம்.

எழுதினதை என்ன செய்வது? புதுத் தாள் ஒன்றையும் சேர்த்து ஜெர்மனிக்கு அனுப்பலாம் என்றேன். ஐயா தலையாட்டினார், இல்லை என்று.

"தாளத்தான் முன்னமே பாத்தாருங்களே. பாத்தவரு வறட்சியத்தான் பாத்தாரு. இப்ப வார்த்தைய மட்டும் அனுப்பலாமுங்க. எந்தப் புல்லுன்னு சொல்ல வேண்டாம். இதைப் படிச்சு ஒரு படம் போட்டுக் குடுங்கன்னு கேக்கலாம்."

"போடுவாருங்களா?"

"புல்லுப் பைத்தியம் கேட்டாப் புல்லுப் பைத்தியம் மறுக்காதுங்க."

அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படம் வேறு புல்லாக வந்துவிட்டால் அவருடைய புல் அன்றோடு முடிந்தது, காரணம் என் லத்தீன். உறையில் போட்டு அனுப்பிவிட்டோம். பருத்தி எடுத்து முடிந்தது. தை போயிற்று. ஐயாவின் மேஜையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி பண்ண ஆரம்பித்தார்கள். நான் தபால்காரர் சைக்கிள் மணிக்கு வாசலுக்கு ஓடுவதைப் பார்த்து ஆபீசே கேலி செய்தது.

மாசிக் கடைசியில் படம் வந்தது. கெட்டிக் காகிதத்தில் மசியால் வரைந்தது. பார்த்தவுடன் தெரிந்தது, அது எங்கள் புல். கடல் தாண்டி, பனி விழுகிற தேசத்தில், கொரங்காட்டைக் கனவிலும் கண்டிராத ஒரு மனுஷர் வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் புல்லை எழுப்பி நிறுத்தியிருந்தார். ஐயா லென்ஸைத் தண்டின் மேல் வைத்துக் கீழே கொண்டுபோனார். கணுவில் நிறுத்தினார். தாடி இருந்தது. கீழ்நோக்கித்தான் படிந்திருந்தது.

"அவரு பாத்துட்டாருங்க" என்றார்.

படத்துக்கு அடியில் ஜெர்மானியர் லத்தீனில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். இப்படித் தாடி வைத்த புல்லைத் தான் அறிந்ததில்லை, இது புதுசு என்று. படத்தில் ஒரே ஒரு தப்பு. எங்கள் புல் முதலில் தரையில் படுத்துப் பிறகு எழும்பும், படத்தில் அது சிப்பாய் மாதிரி விறைத்து நின்றது. என் எழுத்தைத் தேடிப் பார்த்தேன். படுப்பதைப் பற்றி நான் சொல்லவே இல்லை. சொன்னதையெல்லாம் வரைந்தவர், சொல்லாததை வரையவில்லை. அந்த நேர்மையை நினைத்து எனக்கு இன்றைக்கும் மெய் சிலிர்க்கும். விட்டுப்போன வார்த்தையைச் சேர்த்தேன்.

"வெள்ளக்காரரு ஒத்துக்கிட்டாரு. ஊரு ஒத்துக்கோணுமில்லீங்க? கொரங்காட்டுல மாடு மேச்சவங்க ஆராச்சும் இந்தப் படத்தப் பாக்கட்டும்" என்றார் ஐயா. எங்கள் ஊருக்குப் போவதாக முடிவானது.

அம்மா வாசலில் சாணி தட்டிக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் பதறி எழுந்து நின்றாள். எங்கள் தெருவுக்கு அவருடைய சாதிக்காரர்கள் வேலைக்கு ஆள் கூப்பிட வருவார்கள், தெருமுனையில் நின்றே கூப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இவர் நேராக வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஏனுங்கம்மா, குடிக்கக் கொஞ்சம் மோரு இருக்குமுங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். சொம்பை நன்றாகக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் சொம்பில் வாய் வைத்துக் குடித்து முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, படத்தை விரித்தார். "இது என்னன்னு தெரியுதுங்களா?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். "நம்ம காட்டுப் புல்லுங்க. ஏனுங்க இப்படி வெறச்சுக்கிட்டு நிக்குது? இது படுத்துத்தானுங்க எந்திரிக்கும்."

ஐயா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதற்கு முன்னும் பின்னும் யார் முகத்திலும் பார்த்ததில்லை.

"பேரு என்னங்கம்மா இதுக்கு?"

"இத்தினியூண்டு புல்லுக்குப் பேரெல்லாம் ஆருங்க வெச்சாங்க?"

"உங்க பையன் வெச்சிருக்காருங்க. லத்தீன்ல."

அம்மா நிமிர்ந்தாள். என்னையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். எங்கள் ஜனங்களுக்கு லத்தீனில் பேர் வைப்பது என்றால் ஒரே ஒரு சமயம்தான். குழந்தையைக் கோவிலுக்குத் தூக்கிப்போய் ஞானஸ்நானம் கொடுக்கிறபோது. அவள் வீட்டுக்குள் போனாள். கை கால் கழுவி, நல்ல சேலையை மாற்றிக்கொண்டு, முந்தானையைத் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"சொல்லு கண்ணு" என்றாள்.

நான் எழுந்து நின்று வாசித்தேன். 'க்ராமென் பெரென்னே' என்று ஆரம்பித்தேன்: பல வருஷம் வாழும் புல். தண்டு மெலிந்தது, முதலில் படுத்துப் பின் எழுவது. கணு தாடி வைத்தது, மயிர் கீழ்நோக்கிப் படிந்தது. பூசையில் எழுகிற குரல் எனக்குத் தானாக வந்தது. ஐயாவும் கட்டிலை விட்டு எழுந்து, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பேரைச் சொல்லி நிறுத்தினேன். கிளுவை வேலிக்கு அப்பால் மாடுகள் மேய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அம்மா நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். பதில் சொல்ல வேண்டிய இடம் அவளுக்கு என்றைக்கும் தப்பினதில்லை.

"ஆமென்" என்றாள்.

ஐயா என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அவரும் மெல்ல, "ஆமெனுங்க" என்றார்.